குடைத் தொட்டி

பெர்கன் நகரில் மழைக்கு யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை.
ஈரத்தோடு வருவார்கள், ஈரத்தோடு உட்காருவார்கள்.
வாசலில் ஒரு தகரத் தொட்டி.
ஒரு குடையில் வருகிறார்களா, இரண்டிலா
என்று பார்ப்பதுதான் என் முதல் பரிசோதனை.
பாடநூலில் கிடையாது.
தப்பாகவும் போயிருக்கிறது:
ஒரே குடைக்குள் தோள் உரச வந்த ஒரு ஜோடி
அதற்கு முன்பே வீட்டை விற்றிருந்தது.

இருபத்தாறு வருடம்.
மீன் சந்தைக்குப் பின்னால், இரண்டாம் மாடியில்
மூன்று நாற்காலியும் ஒரு ரேடியேட்டரும்.
கடிகாரம் அவர்கள் முதுகுக்குப் பின்னால்,
நான் மட்டும் பார்க்கும்படி.
காகிதக் கைக்குட்டைப் பெட்டி சரியாக நடுவில்:
ஒருவர் பக்கம் தள்ளி வைத்தால்
அழவேண்டியது நீதான் என்று சொன்னதாகிவிடும்.

பதினாறு வயதுக்குள் பிள்ளை இருந்தால்
பிரிவதற்கு முன் ஒரு மணி நேரம்
இங்கே உட்காரச் சொல்கிறது சட்டம்.
வருபவர்களில் பாதிப் பேர்
கையெழுத்துக்காக வருபவர்கள்.
கோட்டைக் கழற்றமாட்டார்கள்.

ஸ்டெய்னாரும் கழற்றவில்லை.
சால்மன் பண்ணையில் வலை பழுதுபார்ப்பவர்.
டோர்குன் பேசினாள், நாற்பது நிமிடம்.
அவர் ஜன்னலைப் பார்த்து
"காற்று தென்மேற்கு" என்றார்.
அவள் சிரித்துவிட்டாள்.
"பத்தொன்பது வருடம் இந்தப் பதிலோடுதான் குடும்பம் நடத்தினேன்."
சிரிப்பு நிற்கவில்லை. அழுகையாகவும் மாறவில்லை.
"தென்மேற்கு என்றால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.
"படகை இரண்டு கயிற்றில் கட்டுவேன்."
"வீட்டில்?"
கோட்டின் மேல் பொத்தானைத் தொட்டார்.
கழற்றவில்லை. தொட்டார்.
அன்றைய குறிப்பில் அதை மட்டும் எழுதினேன்.

இங்க்வில் என்ற ஏழு வயதுக்காரி வீடு வரைந்தாள்.
இரண்டு கதவு, நடுவில் நாய்.
அப்பாவைவிடப் பெரிய நாய்.
எந்த வாரம் அது எந்தக் கதவுக்குள் என்று
யாருமே எழுதவில்லையாம்.
எழுதினோம்.
ஒப்பந்தத்தின் கடைசி வரி நாய்க்கு.

பதினோராவது வருடம் என் முறை.
சக ஊழியர்கள் காதில் விழக்கூடாதே என்று
ஹவ்கெஸுண்ட் வரை மூன்று மணி நேர பஸ்.
நானும் எய்வின்டும் தள்ளித் தள்ளி உட்கார்ந்து போனோம்.
உள்ளே நுழைந்ததும் கடிகாரத்தைத் தேடினேன்.
என் முதுகுக்குப் பின்னால்.
முப்பதுகூட ஆகாத பையன்
"ஒருவர் பேசி முடிக்கட்டும், பிறகு மற்றவர்" என்றான்.
என் வாக்கியம். என் ஏற்ற இறக்கம்கூட.
அது எத்தனை குளிர்ந்த வாக்கியம் என்று
அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.
நான் பேசி முடித்தேன். ஒன்றும் முடியவில்லை.
எய்வின்ட் சொன்னான்:
"இவள் வீட்டிலும் தலையாட்டுவாள்.
தட்டை உடைத்தேன் ஒருநாள்.
'அது உனக்கு எப்படி இருந்தது' என்று கேட்டாள்."
உண்மைதான்.
தலையாட்டினேன்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு மறுபடி என் நாற்காலி.
யாருக்கும் சொல்லவில்லை.
பல் போன பல் மருத்துவரிடம்
யார் வாயைத் திறப்பார்கள்?
அந்த வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டேன்.
இப்போது குறுக்கே பேசவிடுகிறேன்.
குறுக்கே பாயும் சொல்லில்தான்
சில வீடுகளில் இன்னும் அடுப்பு எரிகிறது.

மாலையில் தொட்டியில் குடைகள் மிஞ்சும்.
ஒரே குடையில் வந்து
தனித்தனியே படியிறங்கியவர்களுடையவை.
அவள் எடுத்துக்கொள்ளட்டும் என்று அவன்,
அவன் நனைவானே என்று அவள்.
இருவரும் நனைந்திருப்பார்கள், வேறு வேறு தெருவில்.
அல்லது வெறும் மறதி.
மறதி என்றே பதிவேட்டில் எழுதுகிறேன்.

இன்று ஏழு. கம்பி உடைந்த ஒன்றை எடுத்துக்கொண்டு
விளக்கை அணைக்கும்போது தொலைபேசி.
ஸ்டெய்னார்.
"காற்று வடக்கே திரும்பியிருக்கிறது" என்றார்.
வியாழக்கிழமை இடம் இருக்கிறதா என்று
அவர் கேட்கவில்லை.
நான் அவர் பெயரை எழுதினேன்,
பென்சிலால்.