பிழைக் கொப்பி

மல்லாவி ஆஸ்பத்திரி, விடியப்புறம் நாலரை.
பதினோராம் கட்டிலின் குளிசை
பன்னிரண்டாம் கட்டிலுக்குப் போயிற்று.
கொடுத்தது நான்.
குணநாயகத்தார் இரண்டு தரம் சத்தி எடுத்தார்,
பிறகு தேத்தண்ணி கேட்டார்.

எட்டு மணிக்கு டொக்டர் சுகிர்தா கொப்பியைத் திறந்தா.
'யார்' என்ற நிரலின் மேல்
அடிமட்டம் வைத்து ஒரு கோடு.
"அந்த நேரம் எத்தனை பேருக்கு நீர் ஒருத்தி?"
முப்பத்தொரு பேருக்கு.
"லைற்?"
மாசியிலிருந்து எரியவில்லை.
கொஞ்ச நேரம் பேசாமல் நின்றா.
"மாசியிலிருந்து நானும் இதாலதான் நடக்கிறன்."

கட்டிலடிக்கு இரண்டு பேரும் போய்ச் சொன்னோம்.
குணநாயகத்தார் சிரித்தார்:
"செல்லடிக்கே பிழைச்ச ஆளுக்கு
இதொரு பிழையோ, பிள்ளை?"
அவ சிரிக்கவில்லை.
"பிழைதான் ஐயா."

அவவே கதிரையில் ஏறி பல்ப் மாற்றியிருந்தால்
நல்ல கதை.
மாற்றவில்லை. வயரும் பழுது.
முல்லைத்தீவுக்கு மூன்று கடிதம் போட்டா.
ஆறாம் கிழமை வந்தது வெளிச்சம்.
அதுவரை இரவில்
அவவின் மேசை விளக்கு எங்கள் வாட்டில்.

நேற்று, சிற்றூழியர் நிமலரூபன்
யாரும் கேளாமல் கொப்பியை எடுத்து எழுதினார்:
ஒட்சிசன் சிலிண்டர் வெறுமை. பார்க்க மறந்தது நான்.

எழுத்துப்பிழை இரண்டு.
திருத்தப் பேனையைத் திறந்தேன்,
மூடி வைத்தேன்.