எழுதியவை 0, வாசித்தவை 214

வாய்ப்புச் செலவு நடத்திய அன்று
வகுப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.
மின்விசிறி மட்டும் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது.
ராயபுரத்தில் ஒரு மாலை நேரக் கல்லூரி.
ஐம்பத்திரண்டு பேர்,
பாதிப் பேர் வேலையிலிருந்து நேராக வந்தவர்கள்.
ஒருவன் சட்டையில் இன்னும் கூரியர் கம்பெனியின் பெயர்.

சரி, எழுதியாவது சொல்லுங்கள் என்றேன்.
கல்லூரி காசு கொடுத்து வாங்கி
யாரும் தொடாமல் கிடந்த இணைய விவாதப் பலகையில்
ஒரே ஒரு கேள்வி போட்டேன்:
காத்திருப்பது ஒரு செலவா?
பதிவுக்கு மூன்று மதிப்பெண்,
அடுத்தவருக்குப் பதில் எழுதினால் இரண்டு.
ஞாயிறு இரவு பதினொன்று ஐம்பத்தொன்பதுக்குக் கதவு மூடும்.

முதல் மூன்று நாள்
பாடப்புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கம்
ஏழு பேர் பெயரில் வந்தது.
அதன் கீழே
'அருமையான கருத்து தோழி'
'நானும் இதையே நினைத்தேன்'
'நானும்'
என்று ரேஷன் கடையில்போல
இரண்டிரண்டு மதிப்பெண்ணுக்கு வரிசை.

வியாழன் இரவு ஜோவிட்டா எழுதினாள்:
'கொருக்குப்பேட்டை கேட் போட்டிருக்கு மேடம்.
சரக்கு வண்டி. நின்னுக்கிட்டேதான் டைப் பண்றேன்.
இருபத்தாறு நிமிஷம் ஆச்சு.
பெட்டி எண்ணினேன், ஐம்பத்தெட்டு.
இதை யார் கணக்குல எழுதுறது?'

சௌகார்பேட்டையிலிருந்து ஹேமந்த் சுரானா:
'எங்கள் கடையில் காத்திருப்புக்கு வட்டி உண்டு.
தொண்ணூறு நாள் கடன் என்றால் விலையே வேறு.
நீங்கள் கேட்பதில்லை.
அதனால் உங்களுக்குக் கிடைப்பதில்லை.'

அதற்குப் பதினேழு பதில்.
மதிப்பெண் தீர்ந்த பிறகும் எழுதினார்கள்.
முகிலரசி ஆஸ்பத்திரி டோக்கனைப் படம் பிடித்துப் போட்டாள்.
ஒருவன் எழுத்துப்பிழையோடு கோபப்பட்டான்,
பிழையைத் திருத்த எனக்குக் கை வரவில்லை.
மறுநாள் வகுப்பில் அதே ஆட்கள்
அடுத்தடுத்த பெஞ்சில்,
எதுவும் நடக்காததுபோல
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு.

பிறகு இர்ஃபானா.
வருகைப் பதிவின் 'யெஸ் மேம்' தவிர
நான் கேட்டிராத குரல்.
சனிக்கிழமை, அதிகாலை மூன்று ஐம்பத்திரண்டு:

'ஹேமந்த், வட்டியை நான் யார்கிட்ட கேக்கணும்?
எங்க தெருவுல அடிபம்புல நாலு மணிக்குத் தண்ணி வரும்பாங்க.
சில நாள் நாலேகால். சில நாள் வராது.
மூன்றரைக்கே எழுந்து உட்கார்ந்திருப்பேன்.
அப்பதான் மேடம் உங்க பாடம் படிக்கிறேன்.
அப்படின்னா அது செலவா, வரவா?
தண்ணி வந்துடுச்சு. மீதி அப்புறம்.'

மீதி வரவே இல்லை.
ஒரு பகலும் பாதி இரவும் கழித்து
ஹேமந்த் 'எனக்குத் தெரியவில்லை' என்று மட்டும் எழுதினான்.
அதற்கு இரண்டுக்கு இரண்டு கொடுத்தேன்.

திங்கள் மாலை, கடற்கரை ரயிலில்
மடியில் கணினியை வைத்து மதிப்பெண் போட்டபோது
பெயர்ப்பட்டியலின் அடியில் தணிகைவேல்.
கூரியர் சட்டை.
எழுதியவை 0.
வாசித்தவை 214.

பலகையில் இருந்ததே நூற்றேழு.

விதிப்படி சுழியம்.
போட்டேன். அழித்தேன்.
பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்கு நின்ற பத்து நிமிடமும்
அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது.
பிறகு போட்டேன்.

செவ்வாய்க்கிழமை மழை.
வகுப்பு முடிந்து படிக்கட்டில்
இர்ஃபானா குடையின் கம்பியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.
இரண்டு படி கீழே நின்று அவன் கேட்டான்,
'இன்னிக்குத் தண்ணி வந்துச்சா?'

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.
'நீங்க யாரு?'

'உங்க கிளாஸ்தான்.'