ராக்கப்பன் கேட்டதற்கு

பார்க்கலாமா, நேரத்துக்குத் தகுமா என்று
கேட்டிருந்தாய் ராக்கப்பா.
நாலு நாளாய்ப் பதில் போடவில்லை.
ஃப்ரீசர் பெட்டிக்கு ஓய்வே இல்லை,
செல்லூர், ஆனையூர், அப்புறம் விளாங்குடி.

ஜப்பான்காரன் வைத்த பேர்
என் வாய்க்குள் நுழையாது. கதை இதுதான்:
எந்நேரமும் மழை பெய்கிற ஊர்.
அங்கே செத்தவர்களுக்குத்
தாங்கள் செத்தது தெரியாது.
கடைக்குப் போவார்கள், பஸ்ஸுக்கு நிற்பார்கள்,
மிச்சச் சில்லறைக்குச் சண்டை போடுவார்கள்.
ஒரு பையன் பின்னாலேயே போய்க் குடை பிடிப்பான்.
கொஞ்ச தூரம் போனதும் மடக்கிவிடுவான்.
மழை கொட்டும்.
அவர்கள் சட்டையைத் தொட்டுப் பார்ப்பார்கள்,
காய்ந்திருக்கும்.
அவ்வளவுதான். புரிந்துவிடும்.

முதல் மூன்று எபிசோடு இழுவை.
நாலில் ஒரு பேய், தலைமுடியெல்லாம் வாய்.
நம்மூர் முனி மாதிரி
சுருட்டும் கோழியும் வாங்கிக்கொண்டு
சமாதானமாகிற ரகம் இல்லை அது.
ஆறாவதைச் சாப்பிடும்போது பார்க்காதே.
ரத்தத்தைக் கறுப்பு மையில் வரைந்திருக்கிறான்,
சிவப்பைவிட மோசம்.
அடியில் இங்கிலீஷ் எழுத்து ஓடி மறையும்,
நான் நிறுத்தி நிறுத்திப் படிக்கிற ஆள்,
இருபது நிமிசக் கதை எனக்கு ஒரு மணி நேரம்.

விளாங்குடியில் நடந்ததைச் சொல்கிறேன்.
பங்குனி வெக்கை. சொந்தக்காரர்கள்
பந்தல் சேரில் வாய் திறந்து தூங்குகிறார்கள்.
மகன் துபாயிலிருந்து காலையில் இறங்க வேண்டும்,
அதுவரை பெட்டி ஓட வேண்டும்.
ஸ்டெபிலைசர் பக்கத்தில் உட்கார்ந்து
எட்டாவதை முடித்தேன். ரெண்டரை இருக்கும்.

"அண்ணே, அடுத்து ஒம்பதாவதா?"

செத்தவரின் மகள். பத்தாவது படிக்கிற பிள்ளை.
தனுஷா என்று அத்தைக்காரி கூப்பிட்டுக் கேட்டிருக்கிறேன்.
"நான் எட்டோட நிக்கிறேன்.
பரீட்ச முடியட்டும்னு அம்மா
நெட்ட நிப்பாட்டிருச்சு."

போனை அணைப்பதா, அத்தையை எழுப்புவதா?
இயர்போனில் ஒரு பக்கத்தைத்
துடைத்துக் கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்,
பெட்டியில் முதுகைச் சாய்த்து.
அம்மா மடி அது இது என்று சொல்லமாட்டேன்.
அந்த வீட்டில் அந்த இடம்தான்
குளுகுளுவென்று இருந்தது.

ஒன்பதாவதில் பையனின் அம்மா வருகிறாள்.
சத்தியமாகத் தெரியாது ராக்கப்பா,
தெரிந்திருந்தால் வேறெதையாவது போட்டிருப்பேன்.
காய்கறிப் பையோடு அவள் நடக்க,
இவன் பின்னாலேயே போகிறான்,
பாலம் தாண்டி, ஸ்டேஷன் தாண்டி.
தான் நனைகிறான், குடையை மடக்கவில்லை.
கை வலித்தால் மாற்றிப் பிடிக்கிறான்.
வசனமே கிடையாது,
நிறுத்திப் படிக்க எனக்கு ஒன்றுமில்லை.

அப்போது பார்த்துக் கரண்ட் போனது.
ஓடினேன். ஜெனரேட்டர் கயிறு
மூன்றாவது இழுப்புக்குத்தான் மசிந்தது.
திரும்பி வந்தால்,
பிள்ளை எழுந்து நிற்கிறாள்.
பெட்டியின் கண்ணாடி வியர்த்திருக்க,
துப்பட்டா நுனியால் துடைக்கிறாள்,
முகம் தெரிகிற அளவுக்கு மட்டும்.
துடைக்கத் துடைக்கப் பனிக்கிறது.

"மடக்கிருவானாண்ணே?"
"நானும் பாக்கல பாப்பா."

போனில் நாலு சதவீதம்.
குடைக்குக் கீழே ரெண்டு பேரும்
அப்படியே நின்றிருந்தார்கள்.
இயர்போன் வயரைச் சுற்றிக் கொடுத்தாள்.
"மிச்சத்த நான் அப்பறமாப் பாத்துக்கிறேன்.
நீங்க சொல்லிறாதீங்க."

எட்டு மணிக்கு அண்ணன்காரன் வந்தான்,
ட்ராலி பேக்கை வாசலிலேயே போட்டுவிட்டு.
பத்தரைக்குப் பெட்டியைக் கழுவி
டாடா ஏஸில் ஏற்றினேன்.

பார்க்கலாம் ராக்கப்பா.
ஆறாவதை மட்டும் பகலில் பார்.
அதற்கப்புறம் நான் போனில் அதைத் திறக்கவில்லை,
இன்னும் அந்தப் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறேன்.
நீ முடித்துவிட்டால்
என்னிடம் சொல்லிவிடாதே.