மூன்றாவது சுற்று முடியும்போது

செவ்வாய் இரவு ஒன்பதரை.
மழை வழக்கம்போல் பக்கவாட்டில் பெய்கிறது.
பாலிமோட் சாலையில், ஹெகார்ட்டி மதுக்கடையின் பின்னறையில்
சதுப்பில் வெட்டிய கரி புகைந்துகொண்டிருக்க
ஏழு நாற்காலி,
எட்டாவதாக ஒரு பியர் பெட்டி.
பெட்டி என்னுடையது.

பகலில் நான் பால் நிலையத்தில் கொழுப்பு அளப்பவள்.
நாற்பத்து மூன்று வயதில்,
விவாகரத்துக் காகிதம் வந்த வாரம்,
எட்டு யூரோவுக்கு ஒரு தகரக் குழல் வாங்கினேன்.
துளை ஆறு. விரல் பத்து.
மிச்சம் நாலை என்ன செய்வதென்று
இன்னும் பிடிபடவில்லை.

ரீல் வேகமெடுத்தால் மூன்றில் ஒரு சுரம்தான் எனக்கு.
மற்றதற்கெல்லாம் விரல் மட்டும் ஆடும், மூச்சு போகாது,
திருப்பலியில் உதட்டை மட்டும் அசைப்பவர்களைப் போல.
எல்லோருக்கும் தெரியும்.
யாரும் சொன்னதில்லை.
இங்கே காசு இல்லை, கைதட்டல் இல்லை,
முன்னறையில் கால்பந்து பார்ப்பவர்கள்
கதவைச் சாத்தச் சொல்லிக் கத்துவார்கள், அவ்வளவுதான்.

சன்னலோரம் மலாக்கி, பிடிலோடு.
அவருக்கு இடப்புறம்,
பிடிலின் நுனி தோளில் இடிக்கும் தூரத்தில்,
அட்ராக்டா. மடியில் கான்செர்ட்டினா.

இருவருக்கும் பதினோரு வருடமாகப் பேச்சு இல்லை.
ஒரு வடிகால்.
மலாக்கி வெட்டினார், அட்ராக்டாவின் வயலில் தண்ணீர் நின்றது,
வக்கீல்கள் புதுக் கார் வாங்கினார்கள்.
கடையில் எதிர்ப்பட்டால்
ஒருவர் முட்டைப் பக்கம் திரும்புவார்,
மற்றவர் சோப்புப் பக்கம்.
துக்க வீட்டு வரிசையில்கூட
நடுவில் ஓர் ஆளை நிறுத்திக்கொள்வார்கள்.
இரண்டு தடவை அந்த ஆள் நான்.

வேறு நாற்காலி இல்லாமல்தான் அப்படி உட்கார்ந்தார்கள்.
அல்லது இருந்தது, மாற்றிக்கொள்ளவில்லை.
இதை நான் கேட்கப் போவதில்லை.

ஒரு மெட்டை மூன்று முறை சுற்றுவோம்.
மூன்றாவது சுற்று முடியும்போது
அடுத்ததற்குத் தாவ யாராவது தலை தூக்க வேண்டும்.
பேச அவகாசம் இருக்காது.
கண் மட்டும்,
புருவம் அரை அங்குலம்.
தவறவிட்டால்
ஒரே பாலத்தில் எதிரெதிரே வந்த
இரண்டு ஆட்டு மந்தை.

ஆகவே மலாக்கி பார்ப்பார்.
அட்ராக்டாவும் பார்ப்பார்.
வாரம் ஒரு இரவு, இரவுக்கு இருபது தரம்,
பதினோரு வருடம்.
எந்த வழக்குக் கட்டிலும் இந்தக் கணக்கு இல்லை.

நவம்பரில் மலாக்கிக்குக் கண்புரை எடுத்தார்கள்.
இடது கண்.
அடுத்த செவ்வாய் வெள்ளைக் கட்டோடு வந்து
அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

முதல் ரீல். ஒன்று. இரண்டு.
மூன்றாவது சுற்றின் கடைசி வளைவில்
அட்ராக்டா தலையைத் தூக்கினார்.
எதிரே பஞ்சு.

டெர்வ்லா பறையில் ஓர் அடி தவறவிட்டாள்.
நான் ஊதுவதாக நடிப்பதையும் நிறுத்திவிட்டேன்.

"ஜி" என்றார் அட்ராக்டா.

சுருதியின் பெயர். ஒரே எழுத்து.
உப்பை எடு என்பது போலத்தான் சொன்னார்.
மலாக்கியின் வில் அந்த எழுத்தின் மேலேயே இறங்கியது.
நாங்கள் பின்னால் ஓடினோம்,
யாரும் யாரையும் பார்க்காமல்.

அன்றிரவு பதினேழு முறை.
"டி." "ஜி." "மறுபடி ஜி."
ஒரு முறை, வேகம் கைமீறியபோது, "மெல்ல."

கட்டு ஒரு வாரத்துக்குத்தான்.
ஸ்லைகோ ஆஸ்பத்திரியில் கண் பிரிவு நர்ஸ்
என் சித்தி மகள், எனக்குத் தெரியும்.

இன்று ஐந்தாவது செவ்வாய்.
மலாக்கி தானே கார் ஓட்டி வந்தார்,
வாசலில் மழையில் நின்று
சட்டைப் பையிலிருந்து பஞ்சை எடுத்து ஒட்டிக்கொண்டார்.
இன்று அது கொஞ்சம் கோணல்.
அட்ராக்டா அதை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்துவிட்டு
கான்செர்ட்டினாவின் வாரை அவிழ்த்தார்.

நான் இப்போது இரண்டில் ஒரு சுரம்
வாசிக்கிறேன்.