ஓ

லோஃபோட்டன் தீவுகளின் கடைக்கோடியில்
ஓ என்றோர் ஊர்.
ஒற்றை எழுத்து, தலைமேல் ஒரு வளையம்.
அவர்கள் மொழியில் ஓடை;
நம் பழைய அகராதியில் மதகுப் பலகை.

கடற்பறவைக் கணக்குக்கு
அவ்வூரின் ஒலிப்பதிவு வேண்டும் யோருனுக்கு.
கறுப்புத் திரையில் கட்டளையிட்டாள். பதில் இல்லை.
பெரிய எழுத்து, சின்ன எழுத்து பாராதே என்றாள்.
புள்ளி வைத்து ஒளிந்த கோப்புறைக்குள்ளும் நுழை என்றாள்.
பழைய அட்டவணையைக் கழித்துப் புதிதாய் எழுத வைத்தாள்.
கர்சர் மட்டும் கண் சிமிட்டியது.

பட்டியல் போட்டால் இருக்கிறது.
பெயர் சொல்லிக் கூப்பிட்டால்
இல்லை.

மதியம் இரண்டுக்கே இருட்டிவிட்டது.
பைட் பைட்டாகப் பிரித்துப் பார்த்தாள்:
ஸ்டைனாரின் பழைய மேக்
எழுத்தைத் தனியே, வளையத்தைத் தனியே
எழுதி வைத்திருக்கிறது.
இவள் விசைப்பலகை இரண்டையும் ஒன்றாய் வார்க்கிறது.
கண்ணுக்கு ஒரே ஓ.
(கொம்பும் காலும் தனித்தனியே பதிந்தால்
நம் கொக்கும் இப்படித்தான்
கையில் சிக்காது.)

பெயர் இருந்த இடத்தில்
ஒரு நட்சத்திரம் போட்டாள்.
வந்தது.

நாற்பது நிமிடம் காற்று.
நடுவில் ஒருமுறை ஸ்டைனார் தும்முகிறான்,
யாரிடமோ மன்னிப்புக் கேட்கிறான்.
பறவை ஒன்றுகூட இல்லை.