நாற்பது பந்துகள்

ஓல்ட்டன். உடற்பயிற்சிக் கூடம். புதன், இரண்டாம் பாடம்.
மரத்தளத்தில் இரண்டு வெள்ளை நாடா ஒட்டினேன்,
நடுவே மூன்றடி வெறுமை.
இந்தப் பக்கம் ஒரு நரம்பு, அந்தப் பக்கம் இன்னொன்று.
ஒருநாளும் தொட்டுக்கொள்ளாதுகள் என்றேன்.
"பின்ன எப்படிக் கதைக்கும்?" என்றாள் ஆர்தா.
பந்தெறிந்துதான்.

ஐந்து பேர் எறிய, ஐந்து பேர் பிடிக்க.
பிடித்தால் "ஆ!" என்று கத்தவேண்டும், விதி அது.
கத்திவிட்டுப் பந்தை நடுவில் போடவேண்டும்.
போட்டதைப் பொறுக்கி
எறிந்தவரின் பெட்டியில் சேர்க்க ஒரு ஆள் வேண்டும்.
லெவின் கை தூக்கினான்.
அவன் கதிரையில் இருந்தே நான் அதிகம் கண்டதில்லை.

எல்மா இதயம்: ஓரத்தில் கயிறடித்தாள்.
பசிக்கு ஒருத்தி, நித்திரைக்கு ஒருத்தன்,
இருவரும் சுவரோரம், முறை வரட்டும் என்று.
எறி, ஆ, பொறுக்கு. எறி, ஆ, பொறுக்கு.
மூளை ஒரு சாதாரணப் புதன்கிழமையாய் இருந்தது.

பிறகு நோயேயின் கையில் சிவப்புத் துணி கட்டினேன்.
"நீதான் ஸ்பீட். லெவினைக் கட்டிப்பிடி, விடாதே."
பசியையும் நித்திரையையும்
கதவுக்கு வெளியே அனுப்பினேன்.

பந்துகள் வீடு திரும்பவில்லை.
கால் வைக்க இடமில்லாமல் தளம் உருண்டது,
ஆ ஆ ஆ ஆ, தொண்டை கிழிய,
எதற்கென்று தெரியாமலே சிலர்.
கத்தலுக்கு ஈடாய்க் குதித்த எல்மாவுக்குக் கயிறு காலில் சிக்கி
முழங்கால் சிராய்த்தது. நிசமாகவே.
பெட்டிக்குள் கைவிட்ட ஒருவன்
அடியைத் தட்டிப் பார்த்தான். ஒன்றுமில்லை.
பிடிப்பவர்கள் விரித்த கையோடு நின்றார்கள்.
"இதுதான் அடுத்த நாள்" என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை. பாடம் முடிந்தது என்று நினைத்தேன்.

கசங்கிய சட்டையை இழுத்துவிட்டு லெவின்:
"நான் தினமும் காலையில ஒன்று போடுறன். யோகர்ட்டோட.
இதே இனம் என்று பெட்டிக்குள்ள இருந்த தாளில இருக்கு.
வாசிச்சனான்."

கையேட்டில் இதற்குப் பக்கம் இல்லை.
எனக்குத் தெரிந்த ஆறு பதில்களும் பெரியவர்களுக்கானவை.
"ஓம்" என்றேன், "இதே இனம்தான்."
அதற்குப் பிறகு என்ன சொல்வதென்று தெரியாமல்
பந்துகளைப் பொறுக்கச் சொன்னேன்.

பொறுக்கி முடிய இன்னொரு ஆட்டம்.
"லெவின், இந்த முறை அவசரப்படு. கையில் விழமுன்னமே பறி."
பறித்தான். ஐந்து வாயும் மூடியே இருந்தன;
பிடிக்க எதுவும் வந்து சேரவில்லை.
"இப்ப நோயே, ஒரு கையை மட்டும் பிடி.
டாக்டர் சொன்ன அளவுக்கு. மெதுவாக. கூட நட."

பந்து ஒரு மூச்சளவு அதிகம் தங்கியது.
ஆ, என்றாள் ஆர்தா, கத்தாமல்.
ஆ, என்றது அடுத்த கை.
எல்மாவின் கயிறு முந்தியதைவிடச் சற்று வேகம்;
அதையும் பார்க்கச் சொன்னேன், மறைக்கவில்லை.
"பிடிக்கிற ஆளும் நான்தானே?" என்றான் லெவின்.
"எல்லாரும் நீதான்."
யோசித்தான்.
"மத்தியானத்தில எனக்குப் பசிக்காது."

பசி!
ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.
கோட்டுகளுக்குக் கீழே இரண்டு பேரும்,
அவள் யாருடையதோ ஆப்பிளைப் பாதி தின்றிருந்தாள்,
அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டான்:
"எங்களை எப்ப உள்ளுக்கு எடுப்பீங்கள்?"