வரைபடத்தாள், மோல்மேன்

மின்சாரம் போய்விட்டது.
மைப்புட்டி மூடியில் மெழுகுவர்த்தியை நட்டுவிட்டேன்.
காலை பத்து மணிக்குள் ஊ தெய்ன் லுவினுக்கு
இரண்டு கோடுகள் வேண்டும்:
சிவப்பில் நாங்கள், பச்சையில் சயாம்.
தேக்கு ஏற்றுமதி, கன டன்னில்,
நூறு வருஷத்துக்கு.

பச்சை மை தீர்ந்துபோயிற்று.
சயாமுக்கு என் மகனின் நீலப் பென்சில்.

தொடக்கத்தில் சிவப்பு மலையாக நிற்கிறது.
பெருமைப்படலாம் என்றிருந்தேன்,
பேரேட்டின் அடிக்குறிப்பு கெடுத்தது.
சயாம் மலையில் சாய்ந்த மரங்களும்
சால்வினில் விழுந்து இங்கேதான் வந்து ஒதுங்கின.
காடோ என்று பெயர், காடில்லை, மணல்துறை.
அங்கே சங்கிலி போட்டுப் பிடித்து
சுத்தியல் முத்திரை பார்த்துப் பிரித்தார்கள்.
பிரித்ததையெல்லாம்
ஒரே கப்பலில் ஏற்றினார்கள்.
எந்தத் துறையில் நங்கூரம் எடுத்ததோ
அதுவே மரத்துக்குத் தாய்நாடு.
ஆற்றுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

சில ஆண்டுகளைக் கரையான் தின்றிருக்கிறது.
போர் ஆண்டுகளை மட்டும் தொடவில்லை,
அங்கே தின்பதற்கு எண் ஏது?
"பேனாவைத் தூக்கித் தாண்டு" என்றார் ஊ தெய்ன் லுவின்.
தாண்டினேன். நாலு கட்டம்.
அந்த நாலு கட்டத்தின் முதல் மூலையில்தான்
என் பெரியப்பா குடும்பம்
மணிப்பூர்ப் பக்கமாக நடந்து போனது.

மரம் அளக்கிற சந்தியாகு
மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்தான்.
என் தாளைப் பார்த்துச் சிரித்தான்.
"அக்கா, நீங்க போடுற வருஷமெல்லாம் தப்பு.
பச்சைத் தேக்கு மிதக்காது.
பட்டையைச் சுத்தி வளையம் அறுத்து
மூணு வருஷம் நின்னபடியே சாகவிடணும்.
அப்புறம் ஓடையில கிடந்து வெள்ளத்துக்குக் காத்திருக்கணும்.
நீங்க உச்சம்னு காட்டுற வருஷம்
அது செத்து ஆறு திவசம் முடிஞ்சிருக்கும்."
ஈரக் கையால் என் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் போனான்.

கடைசிக் கட்டங்களில் கோடுகள் முறுக்கிக்கொள்கின்றன.
சயாம் தன் காட்டைப் பூட்டிவிட்டது,
வெட்டினால் சிறை.
நீலம் கீழே விழுந்திருக்க வேண்டும்.
விழுந்து, எழுந்து,
நாற்காலியாக, கதவாக, கப்பல் தளமாக
ஏறிக்கொண்டே போகிறது.
பூட்டிய காட்டில் நாற்காலி எப்படிக் காய்க்கும்?
விளக்கணைத்து மியாவடிப் பக்கம் போகும்
பத்துச் சக்கர லாரிகளுக்கு
என் தாளில் கட்டம் இல்லை.
எனக்குச் சம்பளம் கட்டத்துக்குள் இருப்பதற்குத்தான்.

கோடு என்றால் கிளை.
யானையின் தந்தமும் கோடுதான்.
ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில்
அடி வாங்கி மனப்பாடம் செய்தது.
கிளையைக் கழித்து, தந்தத்தால் தள்ளி,
ஆற்றில் விட்டதில் மிச்சம் எதுவோ
அதை நான் பென்சிலால் இழுக்கிறேன்.

கடைசிப் புள்ளிகளைச் சேர்க்க
மகனின் கணக்குப் பெட்டியிலிருந்து அடிக்கோலை எடுத்தேன்.
மரக்கோல். முதுகில் பொடி எழுத்தில்
தாய்லாந்தில் செய்தது என்று சூட்டு முத்திரை.
மெழுகுவர்த்தியருகே பிடித்து ரேகை பார்த்தேன்.
மோந்தேன்.
மழையில் நனைந்த தோல்செருப்பு வாசம்,
எங்கள் துறைமுகம் முழுக்க வீசுகிற அதே வாசம்.

அதை வைத்தே
இரண்டு கோட்டையும் இழுத்து முடித்தேன்.